வாசலில் ஒரு நித்தியகல்யாணி

ஒரே செடிதான். ஒரு வீட்டில் அதற்குப் பெயர் நித்தியகல்யாணி. அடுத்த வீட்டில் அதுவே சுடுகாட்டு மல்லி. முதல் பெயரைச் சொன்னால் பூஜைத் தட்டு நினைவுக்கு வரும். இரண்டாவது பெயரைச் சொன்னால், "அதைப் போய் யாராவது வீட்ல வெப்பாங்களா?" என்று முகம் சுளிப்பார்கள். ஐந்து இதழ், நடுவில் குங்குமம் வைத்ததுபோல ஒரு சிவப்புப் பொட்டு, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் இலை. தன்னைப் பற்றிய இந்த வழக்கு எதுவும் செடிக்குத் தெரியாது. சித்திரை வெயிலிலும் பூக்கும். மார்கழிப் பனியிலும் பூக்கும்.

மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது கருங்குழி. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கமாகத்தான் போவார்கள். ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்ட கோட்டை இருந்த ஊர். இன்றைக்கு ரயில் ஏறி செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்களும், ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர்களும் கலந்து வாழும் பேரூர். இங்கே ஒரு தெருவில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வாசலில் வரிசையாகப் பதினொரு தொட்டிகள். பதினொன்றும் நித்தியகல்யாணி. தெருவில் அவருக்கு டீச்சரம்மா என்றுதான் பெயர்.

ரோஜா வைக்கவில்லை, குரோட்டன்ஸ் வைக்கவில்லை. ஏன் இதை மட்டும் என்று கேட்டால் அவர் சொல்லும் காரணம் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது.

லீவில் பூத்த செடி

அவர் வேலை பார்த்த பள்ளியில் வருடா வருடம் பிள்ளைகள் செடி வைப்பார்கள். ஆடியில் வைத்த செடி பங்குனி வரை நன்றாக இருக்கும். கோடை விடுமுறை வந்ததும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தொட்டிகளில் காய்ந்த குச்சிதான் மிச்சம். பிள்ளைகளுக்கு அழுகை வரும்.

ஒரு வருடம் அப்படித் திறந்தபோது, காம்பவுண்டு சுவரின் விரிசலில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. யாரும் வைத்ததில்லை. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. அதில் ஏழெட்டுப் பூ. "டீச்சர், இதுக்கு யாரு தண்ணி ஊத்தினது?" என்று ஒரு பையன் கேட்டான். அவரிடம் பதில் இல்லை. அன்றைக்கு மாலை அந்தச் செடியிலிருந்து நான்கு காய்களைப் பறித்து, தாளில் மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காய்களை அவர் உடனே விதைத்துவிடவில்லை. பல மாதங்கள் கழித்து, கணவர் காலமாகி, வீட்டில் சத்தம் அடங்கிய பிறகுதான் அந்தத் தாள் மறுபடி கையில் கிடைத்தது. எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்த ஒரு மதியத்தில், ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் மண் நிரப்பித் தூவினார். பத்துப் பன்னிரண்டு நாளில் முளை தெரிந்தது.

"பின்னால வெச்சிக்க"

செடிகள் பூத்து, தொட்டிகள் வாசலுக்கு வந்தபோது பிரச்னை தொடங்கியது. ஊரிலிருந்து வந்த நாத்தனார் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்: "இன்னா அண்ணி இது, சுடுகாட்டு மல்லியை வாசல்ல வெச்சிருக்கே? நாலு பேர் வந்து போற இடம். பின்னால வெச்சிக்கக் கூடாதா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னார். ஆனால் 'பின்னால' என்ற அந்தச் சொல் டீச்சரம்மாவுக்குப் புதிதில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நலங்கு வைக்கும்போது, "சுமங்கலிங்க மட்டும் முன்னால வாங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் தானாகவே இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. மணப்பெண்ணுக்கு ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

நாத்தனாருக்குக் காபி கொடுத்தார். தொட்டிகளைப் பற்றி வாதம் செய்யவில்லை. இடம் மாற்றவும் இல்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

சுடுகாட்டு மல்லி, கல்லறைப்பூ என்றெல்லாம் நம் ஊரில் மட்டும் சொல்லவில்லை. மலையாளத்தில் சவம்நாறி என்று ஒரு பெயர் உண்டு. சிங்களத்தில் 'மினி மல்' என்பார்கள். அதற்கும் பிணப்பூ என்றே பொருள். இத்தனை பேர் சேர்ந்து ஒரு செடியைச் சுடுகாட்டோடு சேர்த்துப் பேசுகிறார்கள் என்றால் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

இருக்கிறது. அந்தக் காரணத்தில் அபசகுனம் எதுவும் இல்லை. கல்லறை மேட்டிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தினமும் தண்ணீர் ஊற்ற யாரும் போவதில்லை. மண்ணும் வளமான மண் இல்லை. ஆடு மாடு தாராளமாகத் திரியும் இடம். அங்கே எந்தச் செடி வைத்தாலும் ஒன்று காயும், இல்லையென்றால் ஆடு மேய்ந்துவிடும். இதன் இலை கசப்பு, விஷமும் கூட. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். வறட்சியைத் தாங்கும். விதை தானாகவே உதிர்ந்து முளைக்கும். இறந்துபோனவர் தலைமாட்டில் வருடம் முழுக்க ஒரு பூவாவது இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இதைவிட நம்பகமான செடி கிடைக்கவில்லை.

அதாவது, வேறு எந்தப் பூவும் நிற்காத இடத்தில் இது நின்றது. அந்த உழைப்புக்குக் கிடைத்த பட்டம்தான் சுடுகாட்டு மல்லி.

மற்ற மொழிக்காரர்கள் வேறு கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இந்தியில் சதாபஹார், என்றும் வசந்தம் என்று பொருள். வங்காளத்தில் நயன்தாரா, கண்மணி. கன்னடத்தில் சதாபுஷ்பா, எப்போதும் பூப்பது. தாவரவியல் பெயர் காதராந்தஸ் ரோசியஸ். கிரேக்க மொழியில் காதராந்தஸ் என்றால் தூய மலர். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1759-இல் வைத்த பெயர் வின்கா ரோசியா. அந்தப் பழைய பெயர்தான் இன்றும் நர்சரிகளில் 'வின்கா' என்று புழங்குகிறது.

நம் செங்கல்பட்டுக் கடற்கரையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே திருவிடந்தையில் கோயில்கொண்டிருக்கும் பெருமாளுக்கு நித்தியகல்யாணப் பெருமாள் என்றே பெயர். தினம் ஒரு பெண்ணாக 360 பெண்களை அவர் மணந்தார் என்பது தலபுராணம். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு அங்கே போவார்கள். பெருமாளுக்கு வைத்தால் மங்கலம், அதே பெயரைச் செடிக்கு வைத்தால் மட்டும் ஏன் தயக்கம்?

இந்தச் செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கிளம்பி உலகத்தின் வெப்ப நாடுகளெல்லாம் சுற்றி, நம் கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்த பிள்ளைபோல் வளர்கிறது. அரளி, நந்தியாவட்டை எல்லாம் இதற்குப் பங்காளிகள், ஒரே குடும்பம்.

இருபத்தைந்து இலைகள் செய்த வேலை

இந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்கு வைத்தியமாகப் பல நாடுகளில் பயன்படுத்தி வந்தார்கள். கரீபியன் தீவான ஜமைக்காவிலும் அந்த வழக்கம் இருந்தது. 1952-இல் அங்கிருந்து ஒரு தபால் கனடாவுக்குப் போனது. உள்ளே இந்தச் செடியின் இருபத்தைந்து இலைகள். அது போய்ச் சேர்ந்தது மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ராபர்ட் நோபிள் என்ற மருத்துவரிடம்.

இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை அளவில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஊசியாகப் போட்டபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரிந்தது. வேறு யாராவது இருந்தால், 'இது சர்க்கரைக்கு ஆகாது' என்று இலையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். நோபிள் வேறு மாதிரி யோசித்தார். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அவற்றைக் குறைக்கும் ஒன்று இந்த இலையில் இருக்கிறது என்றால்?

வேதியியலாளர் சார்லஸ் பீர் அவரோடு சேர்ந்தார். இருவரும் இலையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து வின்பிளாஸ்டின். 1958-இல் அதை அறிவித்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின். 1963-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியாமல் இருந்த காலம் அது. வின்கிரிஸ்டினை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. இன்று நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் முக்கியமான ரத்தப் புற்றுநோய் வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்கு இந்த ஒரு மருந்து மட்டும் காரணமில்லை. ஆனால் அந்தக் கூட்டணியில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. இரண்டு மருந்துகளும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. கீமோ என்று கேள்விப்படுகிறோமே, அதில் நம் வேலியோரச் செடிக்கும் பங்கு உண்டு.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு உள்ளே நூல்போன்ற இழைகள் உருவாக வேண்டும். அந்த இழை கட்டும் வேலையை இந்த மருந்து நிறுத்திவிடும். இழை இல்லையென்றால் செல் பிரியாது. புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகுபவை என்பதால் அடி அங்கேதான் பலமாக விழும்.

இலையில் இந்தப் பொருள் இருப்பது மிக மிகக் கொஞ்சம். கிராம் கணக்கில் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். வேரிலும் மருந்துப் பொருள் உண்டு; அது ரத்த ஓட்டம் தொடர்பான மருந்துகளுக்குப் போகிறது. அதனால்தான் நம் தென் மாவட்டங்களில் இதை மானாவாரிப் பயிராகவே போடுகிறார்கள். ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலை உருவி, வருடக் கடைசியில் வேரோடு பிடுங்கிக் காயவைத்து அனுப்புகிறார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட நிர்மல், தவல் என்ற வெள்ளைப் பூ ரகங்களும் உண்டு.

மருந்துதானே, மென்றால் என்ன?

இந்த இடத்தில்தான் டீச்சரம்மா கறாராகிவிடுவார்.

எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு, தினமும் காலையில் வாக்கிங் போகும்போது டீச்சரம்மா வாசல் தொட்டியிலிருந்து நான்கைந்து இலை கிள்ளி மென்றுவந்தார். கூடவே, 'இதுவே போதும்' என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் வாந்தி, தலைசுற்றல். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. நல்லவேளை, இரண்டு நாளில் வீடு திரும்பினார்.

டீச்சரம்மா அவரைப் பார்க்கப் போனார். "அண்ணே, என் செடியில இலை குறையுதே, பூச்சி அரிக்குதுன்னு நினைச்சேன். நீங்கதானா அது?" என்றார். பெரியவர் சிரித்தார். அப்புறம் டீச்சரம்மா சிரிக்காமல் சொன்னார்: "ஆடே தொடாத இலை அண்ணே. அதுக்கு இருக்கிற அறிவு நமக்கு வேணாமா?"

செடியின் இலை, வேர், தண்டு எல்லாமே விஷத்தன்மை உள்ளவை. மருத்துவமனையில் இதன் மருந்தைக் கொடுக்கும்போதுகூட மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக் குழாயில் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில்தான் ஏற்றுவார்கள். கொஞ்சம் அளவு மாறினாலும் நரம்பு பாதிக்கும், வெள்ளணு குறையும். நம் வீட்டு இலையில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை. கஷாயம் வைக்க வேண்டாம். இலையை மெல்ல வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வாயில் வைக்கவே கூடாது. வீட்டில் தவழும் குழந்தையோ, எதையும் கடிக்கும் நாய்க்குட்டியோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். இலை கிள்ளியபின் கை கழுவுங்கள். சர்க்கரை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம்.

செடியை நல்லது என்று நம்பியவரும் தவறாகப் புரிந்துகொண்டார். கெட்டது என்று நம்பியவரும் தவறாகப் புரிந்துகொண்டார். அதன் பெயரிலும் புகழிலும் நின்றுவிட்டு, செடியைப் பார்க்கவே இல்லை.

வளர்ப்பது எப்படி?

இப்போது விஷயத்துக்கு வருவோம். நித்தியகல்யாணியை வளர்ப்பதில் ஒரே ஒரு கஷ்டம்தான்: சும்மா இருப்பது.

விதை: பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிய காய்கள் ஜோடியாக வரும். பச்சை மாறி மஞ்சள் தட்டும்போது பறித்துவிடுங்கள். விட்டால் வெடித்து விதை சிதறிவிடும். ஒரு காகித உறையில் போட்டு நிழலில் காயவைத்தால், கடுகைவிடச் சிறியதாகக் கறுப்பு விதைகள் கிடைக்கும்.

விதைப்பு: இந்த விதைக்கு முளைக்க இருட்டு பிடிக்கும். மண்ணில் தூவி, கால் அங்குலம் மண் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே ஓர் அட்டையோ ஈரச் சாக்கோ மூடி வையுங்கள். முளை கண்ணில் பட்டதும் மூடியை எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் முதல் பூ.

அவசரமாக வேண்டும் என்றால் பதியன் குச்சி போதும். பூக்காத இளந்தண்டில் நான்கு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும்.

மண்: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. ஏரிப் பாசன வயல் பக்கம் வீடு இருந்தால் மண் களிமண்ணாக இருக்கும். அதில் நேரடியாக வைத்தால் மழைக்காலத்தில் வேர் அழுகிவிடும். அரை அடி மேடாக்கி அதன்மேல் வையுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மணல் நிலம் இதற்குச் சொர்க்கம். தொட்டியாக இருந்தால் அடியில் ஓட்டை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்க வேண்டாம்.

வெயில்: முழு வெயில். நிழலில் வைத்தால் இலைதான் இருக்கும், பூ இருக்காது. தண்டு நீண்டு ஒல்லியாகப் போகும்.

தண்ணீர்: இந்தச் செடி சாவது பெரும்பாலும் தாகத்தில் இல்லை, அன்பில்தான். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மதிய வெயிலில் இலை லேசாகச் சுருண்டால் பதற வேண்டாம். சாயங்காலம் தானாக நிமிரும். இலைமேல் ஊற்றாமல் வேரடியில் ஊற்றுவது நல்லது.

உரம்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். அவ்வளவே. யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், பூ குறையும்.

கிள்ளுதல்: செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் நான்கு கிளை வரும். நான்கிலும் பூ வரும். வாடிய பூவைப் பறிக்கும் வேலைகூட இல்லை. தானே உதிர்ந்து இடத்தைக் காலி செய்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து தை, மாசியில், செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால் கோடை முழுக்கப் புதுத்தளிரில் பூக்கும். இரண்டு மூன்று வருடம் ஆனால் அடித்தண்டு கட்டையாகிவிடும். அப்போது பழைய செடியிலிருந்தே ஒரு குச்சியை எடுத்துப் புதிதாக நட்டுக்கொள்ளலாம்.

ஐப்பசியும் பச்சைப் பூவும்

இரும்பு போன்ற செடிக்கும் எதிரிகள் உண்டு. முதல் எதிரி நம் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்தால் தண்டில் கரும்பழுப்புத் திட்டு விழுந்து, செடி ஒரே நாளில் துவண்டு தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. அது பூஞ்சை போன்ற கிருமியால் வரும் அழுகல். மழை தொடங்கும் முன்பே தொட்டிகளைச் சன்ஷேடு அடிக்கு நகர்த்திவிடுவதும், செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடுவதும்தான் வைத்தியம். டீச்சரம்மா முதல் வருட மழையில் பதினொன்றில் ஆறு செடிகளைப் பறிகொடுத்தார். மீதி ஐந்தின் விதையிலிருந்துதான் மறுபடி பதினொன்று வந்தது.

இரண்டாவது, மாவுப்பூச்சி. தண்டு இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும்.

மூன்றாவதுதான் விநோதம். திடீரென்று இலைகள் சிறுத்து, கொத்துக் கொத்தாக மஞ்சள் பாய்ந்து வரும். பூக்கள் நிறம் இழந்து பச்சையாக, இலை மாதிரியே விரியும். பார்க்கப் புது ரகம்போல அழகாகக்கூட இருக்கும். ஏமாற வேண்டாம். தத்துப்பூச்சி பரப்பும் ஒரு நுண்கிருமி நோய் அது. மருந்து இல்லை. தயவு பார்க்காமல் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். உரக்குழியில் போடக் கூடாது. ஒரு செடிக்கு இரக்கப்பட்டால் மொத்த வரிசையும் போகும்.

நர்சரிகளில் இப்போது ஆரஞ்சு, கத்திரிப்பூ நிறம், அடர் சிவப்பு என்று புதுப்புது வின்கா வருகிறது. கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த ஒட்டு ரகங்களின் விதையைச் சேர்த்து விதைத்தால் தாயைப்போலவே பிள்ளை வரும் என்று சொல்ல முடியாது. வருடா வருடம் விதை எடுத்து வளர்க்க நினைப்பவர்களுக்கு நம் பழைய ரோஸும், வெள்ளையும், சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளையும்தான் கை கொடுக்கும்.

யாருக்கு மங்கலம்?

நாத்தனார் போன தை மாதம் மறுபடி வந்தார். மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது, திருவிடந்தைக்குப் போய் மாலை சாத்திவிட்டு வருகிறேன் என்று வழியில் இறங்கியிருந்தார். "நீயும் வாயேன் அண்ணி" என்றார்.

டீச்சரம்மா ஒரு கணம் யோசித்தார். "நான் வந்தா பரவாயில்லையா?" என்று கேட்டார். நாத்தனாருக்கு அந்தக் கேள்வியின் எடை புரிந்தது. பதில் சொல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு தொட்டியிலும் பூ. "இது பேரும் நித்தியகல்யாணிதானே அண்ணி?" என்றார் கடைசியில். "ஆமா." "ஒரு கை பறிச்சித் தாயேன். வழியில இருக்கிற பிள்ளையாருக்கு வெச்சிட்டுப் போலாம்."

இருவரும் சேர்ந்தே போய்வந்தார்கள். கல்யாணம் இன்னும் கூடவில்லை. வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் தொட்டியைப் பின்னால் வைக்கச் சொல்லும் பேச்சு அதன்பிறகு வரவில்லை.

மங்கலம், அமங்கலம் என்ற சீட்டை நாம் செடிக்கும் ஒட்டுகிறோம், மனிதருக்கும் ஒட்டுகிறோம். ஒட்டியது யார், எப்போது, எதற்காக என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. யாரும் கவனிக்காத இடத்தில் உயிரோடு நின்றதற்காக ஒரு செடிக்குச் சுடுகாட்டுப் பெயர் வந்தது. அதே செடிதான், உலகத்தின் ஏதோ ஒரு மருத்துவமனையில் இந்த நிமிடம் ஒரு குழந்தையின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய், இது மங்கலப் பூவா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள்.

கருங்குழித் தெருவில் இப்போது செடி கேட்டு வருகிறவர்கள் அதிகம். எதிர்வீட்டுப் பெரியவரும் இரண்டு தொட்டி வாங்கிப்போனார், பூவுக்காக மட்டும். டீச்சரம்மா யாரிடமும் காசு வாங்குவதில்லை. கன்றைக் கையில் கொடுக்கும்போது இரண்டே நிபந்தனை போடுவார். "வாயில வெக்கக் கூடாது. வாசல்ல வெக்கணும்."